கத்தி படுமுன் கையில் எடுக்கும் இதயம்

பிறவியிலேயே இதயத்தின் அமைப்பில் குறைபாடு கொண்ட குழந்தைகள், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஏறத்தாழ 8 பேர் என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோரின் குறைபாடு எளியது. தானாகவே மூடிக்கொள்ளும் சிறு துவாரமாகவோ, ஒரே சத்திரசிகிச்சையினால் அல்லது இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும் சிறு மூடியினால் சரிசெய்யக்கூடியதாகவோ அது அமைகிறது. எஞ்சிய சிலரிடம் அறைகளும் நாடிகளும் வால்வுகளும் ஒன்றோடொன்று இணையும் முறையே மாறியிருப்பதால், நெஞ்சைத் திறந்த பின்னர் என்ன செய்வது என்பதைவிட, திறக்கும் முன்னர் உள்ளிருப்பதை எவ்வாறு அறிவது என்பதே சத்திரசிகிச்சை நிபுணருக்கு முதற் சிக்கலாகிறது. நோயாளியின் ஸ்கேன் படங்களைக் கொண்டு அவருடைய இதயத்தையே அளவு பிசகாமல் முப்பரிமாண அச்சில் உருவாக்கி, அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துத் திட்டமிடும் தொழில் இச்சிலருக்காகவே வளர்ந்தது.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய பிள்ளையொன்று பிறக்குமாயின், அச்சு இயந்திரத்தைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்னர் கடக்க வேண்டிய படிகள் பல உள்ளன. முதற்படி, நோய் இருப்பதைக் கண்டுகொள்வதாகும். ஒட்சிசன் குறைந்த இரத்தம் உடலுக்குள் கலப்பதனால் தோன்றும் நீலநிறத்தைக் கொண்டே இதயக் குறைபாடுகள் பலவும் முதலில் ஐயுறப்படுகின்றன. ஆனால் மலைக் குளிரில் உடல்நலமுள்ள பிள்ளையின் விரல்களும் உதடுகளும்கூட நீலம் பாரிப்பதுண்டு என்பதால், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளில் உள்ளவர்கள் அதைக் குளிரின் வேலை என்றே எடுத்துக்கொள்வது இயல்பு. அனுபவமுள்ள மருத்துவத் தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ விரலைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதன் காரணம் இதுவே: குளிரினால் வரும் நீலம் நாக்கை எட்டாது, இதயத்தினால் வரும் நீலம் நாக்கிலும் தெரியும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளையிடம் வேறோர் அடையாளமும் உண்டு. தேயிலை மலையின் ஏற்றப் பாதையில் நாலடி நடந்ததும் மூச்சு வாங்கிக் குந்திவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வோர் உளர். ஆனால் ‘பலோவின் நாற்கூட்டுக் குறைபாடு’ எனப்படும் நோயில், அதாவது இதயவறைகளுக்கு இடையிலான துவாரம், சுவாசப்பைக்குச் செல்லும் வழியின் ஒடுக்கம், பெருநாடி துவாரத்தின் மேல் இடம்பெயர்ந்து நிற்றல், வலது இதயவறைத் தசையின் தடிப்பு ஆகிய நான்கும் சேர்ந்த நிலையில், குந்துதல் அப்பிள்ளையின் உடல் தானாகக் கண்டுகொண்ட சிகிச்சையாகும். குந்தும்போது கால்களின் நாடிகள் மடிந்து அழுத்தம் கூடுவதால், உடலுக்கு நேராகச் செல்லவிருந்த நீல இரத்தத்தின் ஒரு பகுதி சுவாசப்பையை நோக்கித் திரும்பிவிடுகிறது. விரல் நுனியில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் சிறு கருவி இந்த ஐயத்தைச் சில நொடிகளில் தீர்க்க வல்லது. எனினும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், அங்கே காணும் எண் சற்றுத் தாழ்ந்திருப்பதையும் கணக்கில் கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

ஐயம் எழுந்த பின்னர் தொடங்குவது பயணம். ஹட்டன் பகுதிப் பிள்ளையாயின், இந்திய உதவியுடன் 150 கட்டில்களுடன் அமைக்கப்பட்டு 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலிருந்தும், நுவரெலியாப் பகுதிப் பிள்ளையாயின் அந்நகரின் மாவட்டப் பொது வைத்தியசாலையிலிருந்தும், கண்டிக்கோ, கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ துண்டு எழுதப்படுகிறது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு பேரை, அதாவது ஒரு நாட் சம்பளத்தை, இழக்கும் நாளாகும். விடியுமுன் பஸ் ஏறி, கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்று, இரவில் லயத்துக்குத் திரும்பும் அந்தத் தாயின் உழைப்பினால்தான் பிள்ளையின் இதயம் முதன்முதலாகப் படமாகிறது. இதயத்தின் மாதிரியைச் செய்பவரின் மேசைக்கு வந்து சேரும் கணினிக் கோப்பு இத்தனை கைகளைக் கடந்து வந்தது என்பதை அத்தொழிலில் உள்ளோர் மறக்கலாகாது.

முதலிற் செய்யப்படுவது ‘எக்கோ’ எனப்படும் ஒலியலைப் பரிசோதனையாகும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவே போதுமானது. சிக்கலான அமைப்பு என்று தெரியும்போது, நாளத்தினுள் அயடீன் அடங்கிய சாயமருந்தைச் செலுத்தி, இதயத்துடிப்போடு இணைத்து, சீ.ரீ. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. கைக்குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 120 முறைக்கு மேல் துடிப்பதால், துடிப்பின் ஒரே கட்டத்தில் எடுக்கப்பட்ட துண்டுப்படங்களை மட்டும் சேர்க்காவிடின் சுவர்கள் மங்கிப்போகும். துண்டொன்றின் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். பிள்ளை பெறும் கதிர்வீச்சோ இயன்றவரை குறைவாக இருத்தல் வேண்டும். ஒன்றையொன்று எதிர்க்கும் இவ்விரு தேவைகளுக்கும் இடையே சமநிலை காண்பது கதிரியக்கப் பிரிவினரின் திறமையாகும். அங்கே கோட்டைவிட்ட நுணுக்கத்தைப் பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

இதன் பின்னர் வருவது பிரித்தெடுத்தல். நூற்றுக்கணக்கான துண்டுப்படங்களில் எது இரத்தம், எது தசை, எது எலும்பு என்று ஒவ்வொன்றாக வரையறுத்து, இதயத்தை மட்டும் தனியாக்கும் வேலை இது. சாயமருந்து கலந்த இரத்தம் வெண்மையாகத் தெரிவதால், குறித்த ஒளிர்வுக்கு மேற்பட்ட புள்ளிகளை மட்டும் தெரிவுசெய்யும்படி கணினிக்குப் பணிப்பது முதல் வேலையாகும். அவ்வாறு கிடைப்பது இதயமன்று, இதயத்தின் உள்ளே இருக்கும் இரத்தத்தின் வடிவமே. மலைநாட்டுக் குளிரில் போத்தலுக்குள் உறைந்த தேங்காயெண்ணெய், போத்தலை உடைத்தெடுத்தால் அதன் உட்புற வளைவுகளையெல்லாம் தன் புறத்தே தாங்கி நிற்பது போன்றது அது. நாடிகளின் போக்கைக் காண இவ்வடிவம் போதும். இதயவறைக்குள் நுழைந்து துவாரத்தைப் பார்க்க வேண்டிய சத்திரசிகிச்சை நிபுணருக்கோ, அவ்விரத்த வடிவத்தின் மேல் ஓரிரு மில்லிமீற்றர் தடிப்பில் சுவரெழுப்பி, உள்ளிருப்பதை நீக்கி, உட்கூடான மாதிரியைச் செய்து கொடுத்தல் வேண்டும்.

இவ்வேலையின் நேர்மை சோதிக்கப்படும் இடம் மெல்லிய சுவர்களாகும். இரு சோணையறைகளுக்கும் இடையிலான பிரிசுவர் சில இடங்களில் ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புடையது என்பதால், ஒளிர்வின் எல்லையைச் சற்றுத் தாழ்த்தினாலும் இருபுறத்து இரத்தமும் ஒன்றாகிவிட, இல்லாத துவாரமொன்று மாதிரியில் தோன்றிவிடும். எல்லையைச் சற்று உயர்த்தினாலோ உள்ள துவாரமும் மூடிக்கொள்ளும். அச்சில் அழகாக வர வேண்டும் என்பதற்காக மேற்பரப்பை அளவுக்கு மீறி மழுப்பினால், சிறு துவாரங்களும் தசைக் கற்றைகளும் கரைந்துபோகும். சாயமருந்து செறிந்து நிற்கும் மேற்பெருநாளத்திலிருந்து கதிர்போல் பரவும் வெண்கோடுகளை இரத்தக்குழாய் என்று எண்ணிச் சேர்த்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆதலால், செய்து முடித்த வடிவத்தின் ஓரக்கோட்டை மூலத் துண்டுப்படங்களின் மேல் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பதும், எக்கோ செய்த வைத்திய நிபுணரை அருகிலிருத்தி ஐயமான இடங்களை அவரிடம் கேட்பதும் இத்தொழிலின் கைவிடலாகாத ஒழுக்கங்களாகும். பிளாஸ்டிக்கில் வந்த துவாரத்தை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை. கையில் தொட்டறியும் பொருளுக்கு உள்ள அந்த அதிகாரமே, பிழையான மாதிரியை மாதிரியின்மையைவிட ஆபத்தானதாக்குகிறது.

வால்வுகளைப் பொறுத்தவரை மாதிரி பெரும்பாலும் ஊமையே. வால்வின் இதழ்கள் மெல்லியவை, ஓயாது அசைபவை, அவற்றைத் தாங்கும் இழைகள் அவற்றினும் மெல்லியவை, ஆகவே சீ.ரீ. படத்தில் அவை செவ்வையாகப் பதிவதில்லை. ஆனால் அவ்விழைகள் துவாரத்தைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறச் சுவரில் ஒட்டியிருக்குமாயின், மாதிரியில் திறந்த வழியாகத் தெரியும் அத்துவாரம் நெஞ்சைத் திறந்து பார்க்கும்போது பயன்படுத்த முடியாத வழியாகிவிடும். இதனால் மாதிரியை ஒப்படைக்கும்போது, அதில் எவை இல்லை என்பதையும் எழுதிக் கொடுப்பதும், அவற்றை முப்பரிமாண எக்கோவில் பார்க்குமாறு நினைவூட்டுவதும் செய்பவரின் கடமையாகும்.

மாதிரியின் பயன் முழுமையாக வெளிப்படும் நோய், ‘இரு நாடிகளும் வலது இதயவறையிலிருந்து புறப்படும் நிலை’யாகும். இயல்பான இதயத்தில் இடது இதயவறை பெருநாடிக்கும், வலது இதயவறை சுவாசப்பை நாடிக்கும் இரத்தத்தை அனுப்புகின்றன. இந்நோயில் இரு நாடிகளும் வலப்புறத்திலேயே எழுவதால், இடது இதயவறைக்கு வெளியேறும் வழி பிரிசுவரில் உள்ள துவாரம் ஒன்றுதான். அத்துவாரம் பெருநாடிக்கு அண்மையில் இருந்தால், ஒட்டுத்துணியொன்றைக் கூரைபோல் வைத்துத் தைத்து, துவாரத்திலிருந்து பெருநாடிவரை சுரங்கப்பாதை அமைத்துவிடலாம். சுவாசப்பை நாடிக்கு அண்மையில் இருந்தால், நாடிகளை இடம் மாற்றித் தைக்கும் வேறு சத்திரசிகிச்சை வேண்டும். இரண்டிலிருந்தும் விலகியிருந்தால், இரு இதயவறைகளையும் பயன்படுத்துவதா, ஒரே இதயவறையைக் கொண்டு பிள்ளையை வாழவைக்கும் பல கட்டச் சத்திரசிகிச்சைக்குச் செல்வதா என்ற கடினமான தெரிவு எழும். அப்பிள்ளையின் வாழ்நாளின் தன்மையையே தீர்மானிக்கும் இத்தெரிவு, துவாரத்துக்கும் பெருநாடிக்கும் இடையிலான வளைவான சில மில்லிமீற்றர் தூரத்தில் தங்கியிருக்கிறது. திரையில் எத்தனை கோணங்களில் சுழற்றினாலும் பிடிபடாத அவ்வளைவு, மாதிரியின் வலது இதயவறைச் சுவரில் சாளரமொன்றைத் திறந்து, சத்திரசிகிச்சை நிபுணர் நிற்கும் பக்கத்திலிருந்து உள்ளே நோக்கும்போது தெளிவாகிறது. ஆதலால் சாளரத்தை எங்கே திறப்பது என்பதை மாதிரி செய்பவர் தாமாக முடிவுசெய்யாமல், வலது சோணையறை வழியாகவா, இதயவறையைக் கீறியா அணுகப் போகிறார் என்று நிபுணரைக் கேட்டறிந்தே வெட்டுகிறார்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் இதயம் நிறுத்தப்பட்டு, குளிரூட்டப்பட்டு, இரத்தம் வடிந்து துவண்டு கிடக்கும். ஸ்கேன் எடுத்தபோது நிரம்பி உருண்டிருந்த அறைகள் அப்போது தட்டையாகிவிடும். பெருநாடியைக் கவ்விவைத்த நேரம் நீளுந்தோறும் இதயத்தசைக்குத் தீங்கு என்பதால், துவண்ட இதயத்தினுள் வழிதேடி நிற்க நிபுணருக்கு அவகாசமில்லை. இரத்தம் நிரம்பிய நிலையில் அறைகள் கொண்டிருந்த வடிவத்தை மாதிரி அவருக்கு முன்கூட்டியே கற்பித்துவிடுகிறது. எவ்வளவு ஒட்டுத்துணியை எவ்வடிவில் வெட்டுவது என்பதையும் அதன்மேல் வைத்து ஒத்திகை பார்க்கலாம். கனடாவின் டொரொன்டோ சிறுவர் வைத்தியசாலையில் ஷி ஜூன் யூ என்னும் கதிரியக்க நிபுணர், இவ்வாறு அச்சிட்ட இதயங்களை உண்மையாகவே வெட்டித் தைத்துப் பழகும் பயிற்சிகளைப் பிற நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கும் நடத்தியவர். அரிதாகவே காணக்கிடைக்கும் நோய்களில் கைப்பழக்கம் பெற வேறு வழி இல்லை என்பதனால் அப்பயிற்சிகள் மதிக்கப்படுகின்றன.

முப்பரிமாண அச்சுக்கலை, அமெரிக்கரான சார்ள்ஸ் ஹல் 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து தொடங்குகிறது. ஒளிபட்டு இறுகும் திரவப் பிசினை அடுக்கடுக்காக உறையச் செய்யும் முறை அது. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் மலிவான மேசை இயந்திரங்கள் பின்னர் பரவின. அடுக்கொன்று ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புடையதாயின், சிறுபிள்ளையின் இதயம் உருவாகப் பல மணி நேரம் ஆகும். இயந்திரம் அந்தரத்தில் அச்சிட இயலாதாகையால், வளைவுகளுக்குக் கீழே தற்காலிகத் தாங்கிகளையும் சேர்த்தே அச்சிடுகிறது. அவற்றைச் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒடித்தெடுக்கும்போது, அறையினுள்ளே ஒரு துணுக்கு தங்கிவிட்டால், பார்ப்பவர் அதைத் தசைக் கற்றையென்றே எண்ணிவிடுவார். வலம் இடமாக மாறிவிடாதிருக்கப் பக்கக் குறியும், நோயாளியின் இலக்கமும், உண்மை அளவா இருமடங்கா என்ற குறிப்பும் மாதிரியின் உடலிலேயே பொறிக்கப்படுகின்றன. கைக்குழந்தையின் இதயம் அதன் மூடிய கையளவே இருப்பதால் பார்வைக்குப் பெரிதாக்குவது வழக்கமெனினும், ஒட்டுத்துணியை அளக்க உண்மை அளவே வேண்டும். பரவலாகப் புழங்கும் இழைப் பிளாஸ்டிக் 60 பாகை வெப்பத்தை அண்மித்தாலே நெகிழ்ந்துவிடும். 121 பாகையில் நீராவியால் கிருமிநீக்க முனைந்தால் உருக்குலைந்துவிடும். ஆகவே அதைத் தெளிந்த உறையிலிட்டு, கிருமிநீக்கிய பரப்புக்கு வெளியே நிற்பவர் ஏந்திக் காட்டுவதே பாதுகாப்பான முறையாகும்.

இம்முயற்சி உண்மையில் பயன் தருகிறதா என்ற கேள்விக்கு அளந்து சொன்ன விடைகள் சில உண்டு. இஸ்ராயேல் வல்வெர்டே தலைமையில் பல நாடுகளின் 10 நிலையங்கள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலான பிறவி இதய நோயாளிகள் 40 பேரின் சத்திரசிகிச்சைத் திட்டம் மாதிரியைப் பார்க்கும் முன்னும் பின்னும் ஒப்பிடப்பட்டது; 21 பேரின் திட்டம் மாறவில்லை, 19 பேரின் திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. அதே ஆண்டில், கொச்சி அமிர்தா மருத்துவ நிலையத்தின் மகேஷ் கப்பனாயில் முதலானோர், வளங்கள் குறைந்த சூழலிலும் இது கைகூடும் என்பதை 5 நோயாளிகளின் அனுபவத்தைக் கொண்டு எடுத்துக்காட்டினர். மலைநாட்டுக்கு இவற்றுள் கொச்சியின் பாடமே நெருக்கமானது. பிரித்தெடுக்கும் வேலைக்கு விலையுயர்ந்த வணிக மென்பொருள்கள் இருப்பினும், ‘திரீடி ஸ்லைசர்’ போன்ற இலவச மென்பொருளும் உண்டு. மேசை இயந்திரமும் இழையும் பெரும் செலவல்ல. விலைமதிக்க முடியாதது உடற்கூறு தெரிந்த ஒருவர் பொறுமையோடு செலவிடும் மணித்தியாலங்களே.

அத்தகையோருக்கு இதய மருத்துவ வரலாற்றில் முன்னோர் உண்டு. 1944 நவம்பரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், பலோ நோயுற்ற நீலக் குழந்தையொன்றுக்கு முதன்முதலாகச் சத்திரசிகிச்சை செய்த அல்பிரட் பிளேலொக்கின் தோளுக்குப் பின்னால், வைத்தியப் பட்டம் எதுவுமற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரான விவியன் தோமஸ் நின்று வழிகாட்டினார். அச்சத்திரசிகிச்சையை நாய்களில் பலமுறை செய்து முறைப்படுத்தியவர் அவரே. அச்சத்திரசிகிச்சையின் தேவையை எடுத்துரைத்தவர் ஹெலன் டௌசிக் என்னும் சிறுவர் இதய மருத்துவர். நோயறிந்தவர், கைத்திறன் பயின்றவர், கத்தி பிடித்தவர் ஆகிய மூவரும் ஒரு குழந்தைக்காக ஒன்றுகூடிய அந்த முறைமையே இன்றும் மாதிரி செய்யும் மேசையைச் சுற்றித் தொடர்கிறது.

மாதிரியின் முன் பெற்றோருக்கும் இடமுண்டு. கிளினிக் கொப்பியில் நோயின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வைத்தியர் சிங்களத்தில் விளக்கக்கூடும். தோட்டத்துத் தாய்க்கோ தமிழே தெரியும். ஒப்பரேஷனுக்குச் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட வேண்டிய அவருக்கு, தன் பிள்ளையின் இதயத்தில் எது எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை விரலால் தொட்டுக்காட்டுவது மரியாதையான செயலாகும். ஆனால் இதிலும் மிகைப்படுத்தல் ஆகாது. லண்டனில் ஜியோவன்னி பிக்லினோ முதலானோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மாதிரியைக் கொண்டு பேசியதைப் பெற்றோரும் வைத்தியர்களும் பெரிதும் விரும்பினர், உரையாடலும் நீண்டது. எனினும் நோயைப் பற்றிய பெற்றோரின் அறிவு அதனால் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. விளக்குவது பிளாஸ்டிக் அன்று; பெற்றோரின் மொழியில் பேசத் தெரிந்தவரும், அவசரமின்றி அவர் அமர்ந்து பேசும் நேரமுமே என்பதை அம்முடிவு உணர்த்துகிறது.

எல்லா இதய நோய்க்கும் மாதிரி வேண்டியதில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில் பரவும் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வால்வுகளைச் சிதைக்கும் வாதக் காய்ச்சலுக்கு, ஒற்றை லயக்காம்பராவில் குடும்பமே தங்கியிருக்கும் தோட்டங்களில் வேண்டியது ஒழுங்கான பெனிசிலின் ஊசியும் நல்ல வீடுமேயாகும். எளிய துவாரத்துக்கும் எக்கோவே போதும். தேவையற்ற இடத்தில் மாதிரி செய்வது, தேவையான பிள்ளைக்குரிய நேரத்தைப் பறிப்பதாகும்.

ஆகவே மலையகத்துக்கு முதலில் வேண்டியது அச்சு இயந்திரமன்று. ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும், தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தின் அருகிலும் ஒட்சிசனை அளக்கும் விரற்கருவியும், நாக்கின் நிறத்தையும் குந்தும் பழக்கத்தையும் கவனிக்கப் பழகிய ஒருவரும் இருத்தல் வேண்டும். அடுத்து, ஸ்கேன் எடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும், அச்சிட்ட படத்தாளோடு, மெல்லிய துண்டுப்படங்கள் முழுவதும் அடங்கிய மூலக் கோப்பும் வட்டில் பதிந்து கொடுக்கப்பட வேண்டும். படத்தாளிலிருந்து எந்த மாதிரியையும் செய்ய முடியாது, மூலக் கோப்பிலிருந்தோ கண்டியிலும் செய்யலாம், கொச்சியிலும் செய்யலாம், டொரொன்டோவிலும் செய்யலாம். மூன்றாவதாக, தமிழில் விளக்கத் தெரிந்தவர் ஒருவர் அந்த மேசையில் அமர வேண்டும். இம்மூன்றும் கைகூடிய இடத்தில், மஸ்கெலியாவின் மலை உச்சியில் பிறந்த பிள்ளையின் இதயமும், தலைநகரில் பிறந்த பிள்ளையின் இதயத்துக்குக் கிடைக்கும் அதே கூர்ந்த பார்வையைப் பெறும். அதற்கு மேலான நியாயம் எதையும் இத்தொழில் தனக்கெனக் கோரவேண்டியதில்லை.